நீர்மின் நிலையமும் ஆற்று மீனும்: தாமிரபரணிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்று மீன்களைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களில் விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், வலை வீசுகிறவர்கள், ஓய்வு பெற்ற பொறியாளர்கள் என்று எல்லாரும் உண்டு. கேள்விகளைக் கூடுமானவரை அவர்கள் சொன்ன மாதிரியே வைத்திருக்கிறேன். முந்தைய பதிலில் சொன்னதை மறுபடி எழுதவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கரண்ட் எடுத்த பிறகு தண்ணீரை அப்படியே ஆற்றில்தானே விடுகிறார்கள்? ஒரு சொட்டுகூடக் குறையவில்லையே. மீனுக்கு என்ன நஷ்டம்?

அளவு குறைவதில்லை என்பது சரிதான். ஆனால் மீனுக்குத் தண்ணீர் எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் குளிர்ச்சியில் வருகிறது என்பதும் கணக்கு. பாபநாசத்தில் காரையாறு அணையிலிருந்து இறங்கும் நீர் கீழணையில் திருப்பப்பட்டு, குழாய் வழியாக மலையடிவாரத்து மின்நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆற்றில் சேர்கிறது. திருப்பிய இடத்துக்கும் திரும்பச் சேரும் இடத்துக்கும் நடுவே உள்ள பாறைப்படுகைக்கு எவ்வளவு மிச்சம் விடப்படுகிறது என்பதுதான் அங்கே வாழும் மீனின் கேள்வி. கீழே அம்பாசமுத்திரத்தில் நின்று அளந்தால் அந்த நஷ்டம் கணக்கிலேயே வராது.

இதைத் தவிர, தண்ணீரோடு மீனும் குழாய்க்குள் போகலாம். மேலே போக நினைக்கும் மீனை அணை நிறுத்தலாம். தேக்கத்தின் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடக் குளிர்ந்தும், சில மாதங்களில் உயிர்வளி குறைந்தும் இருக்கும். மதகு ஆழத்தில் இருந்தால் ஆற்றுக்கு வருவது அந்தத் தண்ணீர்தான்.

"ஆபத்து, ஆபத்து" என்கிறீர்களே, நாலு மீன் செத்தால் அது ஆபத்தா? வலையில் தினமும் அதைவிட அதிகம் சாகிறதே.

நியாயமான கேள்வி. மதிப்பீடு என்பது செத்த மீனை எண்ணுவது அல்ல. மூன்றைத் தனித்தனியே கண்டுபிடித்துச் சேர்த்துப் பார்ப்பதே மதிப்பீடு: அந்த எந்திரமோ தடுப்போ ஒரு மீனுக்கு என்ன செய்யக்கூடும், அந்த ஆற்றில் இருக்கும் அந்த இன மீன்களில் எத்தனை பங்கு அதன் வழியாகப் போக வேண்டியிருக்கிறது, போய்ச் செத்த இழப்பில் எவ்வளவை அந்த இனத்தால் ஈடுகட்ட முடியாது. மூன்றில் ஒன்று பூஜ்யமாக இருந்தாலும் இனத்துக்கு ஆபத்து இல்லை. எவ்வளவு கொடிய சுழலியாக (டர்பைன்) இருந்தாலும் அதன் பக்கமே போகாத மீனுக்கு அதனால் கேடு வராது.

ஒரு கற்பனைக் கணக்கு: கீழ்நோக்கி வரும் 1000 மீன்களில் 800 சுழலி வழியாகவும் 200 உபரிநீர் மதகு வழியாகவும் போகின்றன என்று வைப்போம். சுழலியில் நூற்றுக்கு 30, மதகில் நூற்றுக்கு 5 சாகின்றன. மொத்தம் 250, அதாவது கால் பங்கு. இந்தக் கால் பங்கு, ஒரே வருடத்தில் பருவமடைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும் சிறு கெண்டைக்கு ஒரு மோசமான ஆண்டு மட்டுமே. பல வருடம் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இனம் பெருக்கும் மீனுக்கோ அது முதலிலேயே கை வைப்பது போல.

டர்பைனுக்குள் போன மீன் உயிரோடு வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை வேண்டுமென்றால் "நீளத்தைப் பொறுத்தது" என்பதுதான். சுழலியின் தகடுகள் எவ்வளவு அடுத்தடுத்து வருகின்றன, அந்த இடைவெளியில் தண்ணீர் எவ்வளவு தூரம் நகர்கிறது, மீன் எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் வைத்துக் கையாலேயே கணக்குப் போடலாம். 13 தகடுகள், நிமிடத்துக்கு 500 சுற்று என்றால் வினாடிக்குச் சுமார் 108 தகடுகள் கடக்கின்றன. தண்ணீர் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு தகடு போய் அடுத்தது வருவதற்குள் அது நகர்வது 9 சென்டிமீட்டர் சொச்சம். நாலு சென்டிமீட்டர்க் குஞ்சுக்கு அடிபடும் வாய்ப்பு நூற்றுக்கு 43. பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய மீன் அடிபடாமல் வரவே முடியாது.

அதே கணக்கை மெதுவாகச் சுழலும் கப்லான் வகைக்குப் போடுங்கள். 4 தகடுகள், நிமிடத்துக்கு 100 சுற்று, தண்ணீரின் வேகம் 5 மீட்டர் என்றால் இடைவெளி 75 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் மீனுக்கு வாய்ப்பு நூற்றுக்கு 20 மட்டுமே. ஆனால் ஒரு மீட்டர் விலாங்கு அங்கேயும் தப்பாது. மீன் போகும் கோணத்தை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன். அடி பட்டதெல்லாம் சாவும் அல்ல. மலையிலிருந்து பெரும் உயரத்தில் விழும் நீருக்கு வைக்கும் பெல்டன் வகையில் கணக்கே வேண்டாம்: தண்ணீர் குறுகிய வாய் வழியாகப் பீய்ச்சப்பட்டுக் கிண்ணங்களில் மோதுகிறது. அதற்குள் போன மீன் முழுதாக வெளியே வருவதில்லை.

தகட்டில் அடிபடாமல் தப்பிவிட்டால் பிழைத்த மாதிரிதானே?

இல்லை. சுழலியைத் தாண்டும் கணத்தில் அழுத்தம் சட்டென்று சரியும். பத்து மீட்டர் ஆழத்து அழுத்தத்துக்குப் பழகிய மீனின் காற்றுப்பை, அழுத்தம் கால் பங்காகக் குறைந்தால் நாலு மடங்கு ஊத முயலும். கெண்டை இனங்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. கொஞ்சம் காற்றை வெளியே விட்டுச் சமாளிக்கலாம். விராலுக்கும் ஜிலேபிக்கும் அந்தக் குழாய் இல்லை. கண் பிதுங்கி, செவுளில் இரத்தம் கட்டி, வயிறு மேலாக மிதக்கும் மீனைப் பார்த்தால் தகட்டின் காயம் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் இடத்தில் செதிலும் செவுள் மூடியும் கிழிவதும் உண்டு. உடனே சாகாமல் மயங்கி மிதப்பவற்றைக் கீழே காத்திருக்கும் நீர்க்காகமும் பெரிய மீனும் முடித்துவிடும். ஆகவே வெளியே வந்த மீனை உடனே எண்ணிவிட்டு "உயிரோடுதான் இருந்தது" என்று எழுதும் அறிக்கை பாதிக் கணக்குத்தான். குறைந்தது இரண்டு நாளாவது தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நுழைவாயிலில் கம்பி வலை போட்டுவிட்டால் கதை முடிந்ததே?

நுழைவாயிலில் ஏற்கெனவே கம்பித் தடுப்பு இருக்கும். அது மரத்துண்டையும் குப்பையையும் தடுப்பதற்கு. கம்பிகளுக்கு நடுவே மீன் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். மீனை நிறுத்த வேண்டுமானால் இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், தண்ணீர் கம்பியை நோக்கி வரும் வேகம் மீனின் நீந்தும் திறனுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் கம்பியில் ஒட்டிக்கொண்டு சாகும். நிறுத்தப்பட்ட மீனுக்குப் பக்கத்திலேயே வேறொரு வழியும் வேண்டும். அந்த மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வாசலை அடைத்துவிட்டுப் புழக்கடையைத் திறக்காமல் விட்டால் வந்தவர் எங்கே போவார்?

எந்த மீனுக்குப் பாதிப்பு அதிகம்? எல்லா மீனும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. முதலிடம் விலாங்குக்கு. கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே இறங்கும் மீன் அது. இறங்கும்போது உடல் நீண்டிருக்கும். மேலே போட்ட கணக்கின்படி எந்தச் சுழலியிலும் அதற்குத்தான் அடி அதிகம். ஒரு தடவைகூட முட்டையிடாத நிலையில் சாகிறது என்பதால் ஒரு விலாங்கின் சாவு அதன் வாழ்நாள் இனப்பெருக்கம் முழுவதையும் கொண்டுபோகிறது.

அடுத்து மகசீர். பெரிதாக வளரும், தாமதமாகப் பருவமடையும், ஓடும் நீரையும் கூழாங்கல் படுகையையும் நாடும். அதற்குச் சுழலியைவிடப் படுகையில் தண்ணீர் வற்றுவதே பெரிய கேடு. மூன்றாவது, நம் ஆற்றின் பெயரையே சுமக்கும் ஒரு சிறு கெண்டை: 1954-இல் மீனியலாளர் இ. ஜி. சைலஸ் விவரித்த தம்பிரபர்ணியை இனம், இன்று டாக்கின்சியா பேரினத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் கருந்திட்டுகளும், ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நூல்போல நீண்ட கதிர்களும் கொண்டது. உடல் சிறியது என்பதால் சுழலியில் அதற்கு ஆபத்துக் குறைவு. ஆனால் உலகத்தில் இந்த ஆற்றுப்படுகை ஒன்றுதான் அதற்கு வீடு. இங்கே தவறினால் ஈடுகட்ட வேறு ஆறு இல்லை. மதிப்பீட்டில் இந்தத் தனிமைக்கு ஓர் எடை கொடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஜிலேபிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் தேங்கிய தண்ணீர் கொண்டாட்டம். அவை பெருகினால் "மீன் வளம் கூடியது" என்று எழுதிவிடக் கூடாது.

பாபநாசம் படித்துறையில் பொரி போட்டால் மீன் மொய்க்கிறதே. அதற்கு மேலேதானே மின்நிலையம்? என்ன குறைந்துபோயிற்று?

இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரம் கிடையாது. நானும் அந்தப் படியில் உட்கார்ந்து பொரி போட்டிருக்கிறேன். கைப்பிடிப் பொரி தண்ணீரில் விழுந்ததும் முதலில் சின்னது நாலு வரும், அப்புறம் தண்ணீரே கறுத்துப்போகும், கடைசியில் ஒரு பெரிய வாய் மட்டும் மேலே வந்து சுற்றியுள்ள பொரியை மொத்தமாக இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் அங்கே சாப்பாடு தினமும் கிடைக்கிறது, கோயில் மீன் என்று யாரும் பிடிப்பதில்லை. அங்கே எண்ணுவது, கல்யாண வீட்டுப் பந்தியில் எண்ணி ஊர் மக்கள்தொகையைச் சொல்வது போல. (அந்தப் படித்துறையில் நேர்ந்துகொண்டு ஆற்றில் விடும் துணிகள் மீனுக்கு நல்லதல்ல என்பது வேறு கதை.)

சரியாக எண்ண வேண்டுமானால் பாறைப்பகுதி, ஆழமான கசம், மணல்படுகை, தடுப்பணைத் தேக்கம் என்று ஒவ்வொரு வகை இடத்திலும், மழைக்கு முன்னும் பின்னும், ஒரே வலையால் ஒரே நேர அளவுக்கு எண்ண வேண்டும். முண்டந்துறைக் காட்டுக்குள் புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் வலையை நனைக்க முடியாது. தண்ணீரை மொண்டு அதில் கலந்துள்ள மரபணுத் துணுக்குகளை வைத்து எந்தெந்த இனம் இருக்கிறது என்று அறியும் முறை அங்கே உதவும். இருக்கிறதா என்பதற்கு அது பதில் சொல்லும். எத்தனை என்பதற்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லாது.

பாபநாசம் மலையிலுள்ள கல்யாண தீர்த்தத்து அருவியை மீன் எப்படியும் ஏறாது. அப்புறம் அணை எதைத் தடுத்துவிட்டது?

இதைக் கேட்டவர் ஒரு பழைய பொறியாளர். கேள்வியில் சரக்கு இருக்கிறது. மலை தானே ஒரு தடுப்பு. சமவெளிக் கெண்டை அருவிக்கு மேலே போனதில்லை. அதற்காக அணையைக் குறை சொல்வது தப்பு. பிற நாட்டு அறிக்கையைப் பார்த்து எழுதுகிறவர்கள் "மேல்நோக்கிய இடப்பெயர்ச்சி தடைப்பட்டது" என்று இங்கேயும் எழுதிவிடுவதுண்டு.

ஆனால் இரண்டு விலக்குகள். விலாங்குக் குஞ்சு ஈரப்பாறையைப் பற்றிக்கொண்டு ஏறக்கூடியது. அருவி வற்றினால் அதன் ஏணி போயிற்று. இரண்டாவது, அருவிக்கு மேலேயே வாழும் மலை மீன்கள். காரையாறும் சேர்வலாறும் முன்பு ஓடைகளாக ஓடிய இடத்தில் இன்று இரண்டு பெரிய தேக்கங்கள். ஓடும் நீரில் மட்டும் வாழத் தெரிந்த மீனுக்குத் தேக்கம் என்பது சுவர் இல்லாத சுவர்; ஓர் ஓடையில் உள்ளதும் அடுத்த ஓடையில் உள்ளதும் கலப்பது குறையும்.

அப்படியானால் கீழே உள்ள தடுப்பணைகள்தான் குற்றவாளியா? மின்நிலையத்தை விட்டுவிடலாமா?

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று கடல்வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றையும் நூற்றுக்கு 80 விலாங்குக் குஞ்சு தாண்டிவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எட்டையும் தாண்டிப் பாபநாசம் வந்து சேர்வது நூற்றுக்குப் பதினேழு. ஒவ்வொரு அணையையும் தனியாகப் பார்த்தவர் "80 சதவீதம், நல்ல தேர்ச்சி" என்று மதிப்பெண் போட்டிருப்பார்.

யாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. நதி ஒன்று என்பதால் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்நிலையத்தில் எவ்வளவு செலவு செய்தும் ஸ்ரீவைகுண்டத்திலேயே குஞ்சு நின்றுபோனால் பணம் வீண். கீழே வழி திறந்துவிட்டு மேலே இறங்கும் தாய் விலாங்கைச் சுழலிக்குக் கொடுத்தாலும் வீண்.

மீன் ஏணி கட்டினால் போதாதா? அமெரிக்காவில் கட்டியிருக்கிறார்களே.

அங்கே கட்டியது துள்ளி ஏறும் சால்மனுக்கு. தாய்லாந்தில் மேகாங்கின் கிளையாற்றில் 1994-இல் முடிந்த பாக் மூன் அணையில் அதே மாதிரியான ஏணி வைத்தார்கள். அந்த ஊர் மீன்கள் பெரும்பாலும் அதை ஏறவில்லை, கரையோர மீனவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். நம் கெளுத்தியும் ஆரலும் அடிமட்டத்தில் ஊர்ந்து போகிறவை, துள்ளுகிறவை அல்ல. அவற்றுக்குக் கல் பரப்பிய சாய்வான பக்க ஓடை பொருந்தும். விலாங்குக் குஞ்சுக்குச் சொரசொரப்பான, ஈரம் காயாத ஒரு சரிவு போதும், செலவும் குறைவு.

கார், பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும்போதுதானே கரண்ட் எடுக்கிறார்கள்? நேரத்துக்கு நேரம் ஏற்றி இறக்குகிறார்கள் என்ற பேச்சு இங்கே பொருந்துமா?

பாசனத்துக்காகத் தண்ணீர் விடுவதும் அதையொட்டி மின்சாரம் எடுப்பதும் பாபநாசத்தின் இயல்பு. அதனால் மாலை நேரத் தேவைக்கென்றே ஏற்றி இறக்கும் நிலையங்களைவிட இங்கே ஆட்டம் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பது வேறு, அளப்பது வேறு. மணிக்கு மணி நீர்மட்டப் பதிவைப் பார்க்காமல் சராசரி கன அடியை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

மட்டம் சட்டென்று இறங்கினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்துவிட்டால் மறக்காது. பாறைக் குழியில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கணுக்கால் அளவு ஆகும். ஆற்றோடு இருந்த தொடர்பு அறும். விரல் நீளக் குஞ்சுகள் ஒரே திசையில் தலை வைத்து நிற்கும். வெயில் ஏற ஏற மேலே வந்து வாயைத் திறக்கும். அதற்குள் காகம் வந்துவிடும். இந்தச் சாவில் சுழலிக்கு நேரடிப் பங்கே இல்லை. மதகை அரை மணி நேரம் தாமதமாக, படிப்படியாக மூடியிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். குறைந்த செலவில் நிறையப் பலன் தரும் திருத்தம் இதுதான் என்பேன்.

சின்ன மின்நிலையம் என்றால் ஆபத்தும் சின்னதுதானே?

சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் நினைக்கிறது. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. 20 மெகாவாட் சேர்வலாறு நிலையத்தைப் போன்ற ஒன்றை இன்று புதிதாகக் கட்டினால், அளவைப் பொறுத்தவரை, அது அந்த வலையில் விழாது. 32 மெகாவாட் பாபநாசம் விழும்.

மீனுக்கு மெகாவாட் தெரியாது. அதற்குத் தெரிவது ஆற்றில் எத்தனை பங்கு தண்ணீர் திருப்பப்படுகிறது என்பதும் தகடு எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதும்தான். சின்ன ஓடையின் தண்ணீர் முழுவதையும் திருப்பும் ஒரு மெகாவாட் நிலையம், பெரிய ஆற்றில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பும் நிலையத்தைவிடக் கொடியதாக இருக்கலாம். சிறிய சுழலிகள் பொதுவாக வேகமாகவும் சுற்றும். அடுத்தடுத்து நாலு நிலையங்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்குப் பத்துதான் சாவு என்றால், கடைசியில் மிஞ்சுவது நூற்றுக்கு 66-க்கும் குறைவு.

ஐரோப்பாவில் இதற்கென்று ஒரு குறியீடே வைத்திருக்கிறார்களாமே? அதை அப்படியே இங்கே போட்டுப் பார்த்தால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃபிட்ஹைட்ரோ திட்டத்தில் உருவான ஐரோப்பிய மீன் ஆபத்துக் குறியீட்டைச் சொல்கிறீர்கள். சுழலியின் வகை, சுற்று வேகம், நீர் விழும் உயரம், தடுப்பும் மாற்றுவழியும், திருப்பும் நீரின் பங்கு ஆகியவற்றை ஒரு பக்கமும், அங்கே வாழும் இனங்கள் இழப்பைத் தாங்கும் திறனை மறுபக்கமும் வைத்து ஒரே மதிப்பாகத் தருகிறது. இரண்டாவது கேள்வியில் சொன்ன மூன்றும் அதற்குள் இருப்பதால் எனக்குப் பிடித்த முறை.

எந்திரப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இயற்பியல் ஊருக்கு ஊர் மாறாது. மீன் பகுதியை எடுக்க முடியாது. நம் இனங்களின் பருவ வயது, முட்டை எண்ணிக்கை, நகரும் காலம் ஆகியவற்றை இங்கேயே சேர்க்க வேண்டும். அதில் பாதி வலை வீசுகிறவர்களிடம் இருக்கிறது: எந்த மாதம் சினை மீன் கிடைக்கும், எந்த வெள்ளத்தில் விலாங்கு இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்டு எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மீன்குஞ்சு வாங்கி அணையில் விட்டுவிடுகிறார்களே, இழப்பு சரியாகிவிடாதா?

விடுவது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். சந்தைக்கு நல்லது, ஆற்றின் கணக்கில் சேராது. மகசீரையே விட்டாலும் எந்த மகசீர் என்று கேட்க வேண்டும். காவிரியில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து வெளியூர் நீலத்துடுப்பு மகசீரை விட்டார்கள். அது பெருகப் பெருக, காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் அருகிப்போனது. அந்தக் கூன்முதுகு மீனின் அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். பெயர் வைப்பதற்குள் ஆளைக் காணோம் என்ற கதை.

பாபநாசம் மின்நிலையம் 1944-இல் வந்தது. எண்பது வருடத்துக்குப் பிறகு அளந்து என்ன ஆகப்போகிறது?

1944-க்கு முந்தைய மீன் எண்ணிக்கை கையில் இல்லை, ஆகவே "முன்பு இப்படி, இப்போது இப்படி" என்ற ஒப்பீடு கிடைக்காது, உண்மை. அதற்குப் பதில் இடத்தை ஒப்பிடலாம். தேக்கத்துக்கு மேலே இன்னும் தடையில்லாமல் ஓடும் பகுதி, திருப்பப்பட்ட பகுதி, மின்நிலையத்துக்குக் கீழே என்று மூன்றையும் ஒரே முறையில் பல ஆண்டுகள் எண்ணினால் வித்தியாசம் பேசும். நடுவில் 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்து படுகையையே புரட்டிப்போட்டால் அந்த ஆண்டைத் தனியாக வைக்க வேண்டும்.

பயன் என்ன என்றால், எந்திரங்கள் நிரந்தரம் அல்ல. தேய்ந்த சுழலியை மாற்றும் நாள் வரும். மதகு இயக்கும் விதிகளைத் திருத்தும் நாளும் வரும். அன்றைக்குக் கையில் எண்கள் இருந்தால் மீனும் ஒரு தரப்பாக மேசையில் உட்காரும்.

ஒரு மதிப்பீட்டு அறிக்கை கையில் கிடைத்தால் என்னைப் போன்றவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மீன் பட்டியலையும் தேதியையும் பாருங்கள். ஒரே பருவத்தில், இரண்டு நாளில் எடுத்த பட்டியல் என்றால் சந்தேகப்படுங்கள். பட்டியலில் விலாங்கு இல்லை என்றால், தேடிக் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்று கேளுங்கள். விலாங்கு இரவில் நகரும், பகலில் வீசிய வலையில் வராது. அப்புறம் திருப்பப்பட்ட பகுதிக்கு எவ்வளவு தண்ணீர், எந்த மாதம் என்ற அட்டவணை. அது இல்லாத அறிக்கையில் மற்ற எதுவும் இருந்து பயனில்லை.

கடைசியாக, முடிவுரை. "பாதிப்பு குறைவு, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற வாக்கியம் இருந்தால், எந்த மீனுக்குக் குறைவு, என்ன நடவடிக்கை, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று நாலு கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.